உசிதம் என்று நான்தான் அடித்தேன்

கோவிந்தம்மாளின் இடது கைப் பெருவிரலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மை ஒட்டமாட்டேன் என்றது.

ஸ்டாம்ப் பேடில் நன்றாகத்தான் அழுத்தினேன். தாளில் வைத்து எடுத்தால் ஓரத்தில் மட்டும் கறுப்பு, நடுவில் வெள்ளைத் திட்டு. நாற்று முடியை இடது கையில் பிடித்து, பெருவிரலால் நாலு நாலு பயிராகப் பிரித்துப் பிரித்தே அந்த விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. தொட்டால் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

"இன்னொருக்கா நல்லா அமுக்கு பாப்பா. அது மரத்துப்போன வெரலு, வலிக்காது" என்று சிரித்தாள்.

என் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினேன். இந்தத் தடவை விழுந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடப் போனேன். "இருக்கட்டும், வூட்டுல போயி கழுவிக்கிறேன்" என்று கையை இழுத்துக்கொண்டாள். அந்த விரலுக்கு மேலே நான் அடித்திருந்த நாலு வரிதான் இந்த வாரத்துச் சங்கதி.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கார்டு போட்டிருந்தார். இந்தத் தொடரில் நான் ஊரில் உள்ள எல்லாரையும் திட்டுகிறேனாம், என்னை மட்டும் விட்டுவிடுகிறேனாம். ரொம்ப சரி அய்யா. இந்த வாரம் உங்கள் குறை தீரட்டும்.

தமிழ் மெஷின்

அப்போது ஒரு தாலுகா ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மன்னார்குடித் தெப்பக்குளத்துப் பக்கம் மாடியில் ஒரு இன்ஸ்டிட்யூட், அங்கே இரண்டு மொழியிலும் தட்டச்சு பாஸ் பண்ணியிருந்தேன். எங்கள் தெருவில் சர்க்கார் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அதனால் வந்த திமிரும் கொஞ்சம் இருந்தது. இல்லை, நிறையவே இருந்தது.

புது ஆட்சி வந்து, தமிழே ஆட்சிமொழி என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆர்டர் எல்லாம் தமிழில் போக வேண்டும். பச்சை நிறத்தில் ஒரு தமிழ் மெஷினும் வந்து இறங்கியது. ஆனால் எங்கள் தாசில்தாருக்கு யோசனை இங்கிலீஷில்தான் ஓடும். சேலத்துப் பக்கத்துக்காரர். மெதுவாகப் பேசுவார், யாரையும் 'டி' போட்டுப் பேசமாட்டார், மத்தியானம் தயிர்சாதமும் நார்த்தங்காயும். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழாக்கி அடிக்க வேண்டும்.

அவருக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. எக்ஸ்பீடியன்ட். எந்த ஆர்டரை எடுத்தாலும் கடைசிப் பாராவில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கோ அந்தச் சொல் சுத்தமாகத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஒருநாள் வேறு வழியில்லாமல் கேட்டுவிட்டேன்.

"காரியத்துக்கு ஆகுறதும்மா. இப்போதைக்கு எது தோதோ, அது" என்றார்.

"அப்ப சரியானதுன்னு அடிக்கலாமா சார்?"

"அய்யய்யோ. சரி, தப்பு எல்லாம் அதுக்குள்ள வராது."

"நல்லதுன்னு?"

"நல்லதும் இல்லைம்மா." கொஞ்சம் யோசித்தார். "இப்ப பாரு, மழையில ஒரு பார வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. பக்கத்து வயல்ல இருக்குற வேலிப்படலைப் புடுங்கி சக்கரத்துக்கு அடியில போட்டு வண்டியைக் கெளப்பிட்டுப் போயிடுறோம். படல் யாரோடது, அவன் வயல்ல மாடு மேயுமேன்னெல்லாம் கேக்கறதில்லை. வண்டி கெளம்பிச்சா இல்லையா? அவ்வளவுதான்."

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ அகராதி புரட்டியிருக்கிறேன், இவ்வளவு தெளிவாக ஒருத்தரும் சொல்லவில்லை.

சர்க்கார் கொடுத்த கலைச்சொல் புத்தகத்தில் அதற்கு 'உசிதமான' என்று போட்டிருந்தது. எனக்குச் சண்டை பிடிக்கத் தோன்றியது. உசிதம் என்றால் எங்கள் ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது சொல்கிற சொல். நாலு பேர் கூடி, எல்லாருக்கும் நல்லது எது என்று பார்த்து, பிறகு வாயிலிருந்து வருகிற சொல். வேலியைப் பிடுங்குகிற காரியத்துக்கு அவ்வளவு மரியாதையான பெயரா? ஆனால் புத்தகத்தில் இருந்தது. மாதச் சம்பளக்காரி நான். உசிதம் என்றே அடித்தேன்.

உங்க புள்ள பாஸாயிருச்சுங்க

இங்கே என் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த காரியத்தின் முழு அழுக்கு உங்களுக்குத் தெரியாது.

என் அப்பா ரத்தினம், முத்துப்பேட்டை போகிற ரோட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பண்ணையில் வேலை பார்த்தவர். வழியில் போகிற யாராவது "பயிர் நல்லா இருக்கே, யாருது?" என்று கேட்டால், அவரே விதைத்து அவரே தண்ணீர் கட்டிய வயலாக இருந்தாலும், "அய்யாவோடதுங்க" என்பார். எங்கள் வீட்டு வெள்ளாட்டைக் காட்டி யாருதென்று கேட்டாலும் அதே பதில்தான். 'என்னோடது' என்ற சொல் பண்ணை அய்யா காது கேட்கும் தூரத்தில் எங்கள் தெருவில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. அது பயம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அது முறை. மரியாதை தெரிந்தவன் அப்படித்தான் பேசுவான். கேட்கிறவரும் புரிந்துகொள்வார். 'அய்யா பயிர் வைக்கிறாங்க' என்று ஒருவன் சொன்னால், பயிர் வைக்கிறவன் அவன்தான் என்று டெல்டாவில் நண்டுக்குக்கூடத் தெரியும்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான அன்றைக்கு அப்பா சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பண்ணை வாசலுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே போய்க் கைகட்டி நின்று, "உங்க புள்ள பாஸாயிருச்சுங்க" என்றார்.

எனக்கு உச்சி மயிர் எரிந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும், "நான் அவரு புள்ளைன்னா நீ யாரு?" என்று கத்தினேன்.

"அப்படிச் சொல்றதுதான் முறை ஆயி" என்றார் அப்பா.

ஆக, அந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியாதவள் என்று நான் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அய்யாவை எதிரே வைத்துக்கொண்டு

கோவிந்தம்மாள் எங்கள் தெருதான், நாலு வீடு தள்ளி. புருஷன் செத்த பிறகு பண்ணையின் நாலு மா நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர். குத்தகை என்றால் எழுத்து கிடையாது, ரசீது கிடையாது. அறுத்துக் களத்தில் அளந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர் பேரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பேர் ஏறிவிட்டால் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. சட்டம் வந்ததும் டெல்டா முழுக்க நிலக்காரர்கள் அவசர அவசரமாகக் குத்தகைக்காரர்களை இறக்கிவிட்டு, 'சொந்த சாகுபடி' என்று டிராக்டர் விட்டார்கள். வயலில் கொடி நட்டார்கள், கொடியைப் பிடுங்கினார்கள். வாய்க்கால் ஓரம் போலீஸ் வேன் நிற்பது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

கோவிந்தம்மாளுக்கு மனு எழுதிக் கொடுத்தது விவசாயச் சங்கத்துத் தம்பி ஒருவன். "நான்தான் சாகுபடி பண்றேன்னு மட்டும் சொல்லு, போதும்" என்று பத்து தடவை சொல்லிக்கொடுத்திருந்தான். விசாரணையன்று காலையில் அவனையே போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இவள் தனியாக வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நம்ம புள்ள உள்ளாற இருக்குல்ல, எனக்கென்ன பயம்?" என்றாள்.

பண்ணை அய்யாவும் வந்தார். நாற்காலி போட்டார்கள். உட்காரும் முன் என் மேஜைப் பக்கம் நின்றார். "ரத்தினம் மவதானே நீ? அப்பன் சௌக்கியமா? நம்ம மனையிலதானே இன்னும் இருக்கான்?"

"ஆமாங்க" என்றேன். எங்கள் வீடு இருந்த இடம் அவருடையது. வேறெதுவும் அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. இவ்வளவும் உண்மை. ஆனாலும் காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை.

தாசில்தார் கேட்டார்: "இந்த நாலு மாவுல யாரும்மா சாகுபடி பண்றது?"

கோவிந்தம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அய்யாதாங்க பயிரு வைக்கிறாங்க."

"அப்ப நீ?"

"நாங்க அய்யா காலடியில கெடந்து பொழைக்கிறோமுங்க."

"உழுறது, வெதைக்கிறது எல்லாம் யாரு?"

"எல்லாம் அய்யா புண்ணியந்தாங்க."

பண்ணை அய்யா வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தாசில்தார் என் பக்கம் திரும்பினார். "அப்படியே அடிச்சுக்கோம்மா" என்றார். திரும்பினவர் ஒரு நிமிஷம் பார்வையை எடுக்கவில்லை. சார், அதுக்கு அர்த்தம் அது இல்லை சார், எங்க ஊருல அப்படித்தான் பேசுவாங்க சார். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. என் விரல்கள் அடிக்க ஆரம்பித்தன.

'மேற்படி நிலத்தில் நில உரிமையாளரே சாகுபடி செய்கிறார். நான் சாகுபடி செய்யவில்லை. அவரிடம் கூலிக்கு வேலை செய்து பிழைக்கிறேன். இது உண்மை.'

கூலி என்ற சொல்லை அவள் சொல்லவேயில்லை. நான் சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. வாக்கியம் அப்படித்தான் முடியும் என்று கைக்குப் பழகியிருந்தது போல.

படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. கடகடவென்று, வாய்க்குள்ளேயே படித்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். முடிந்ததும் என் காதருகே குனிந்து, "மரியாதைக் கொறைவா ஒண்ணும் வந்துரலையே பாப்பா?" என்றாள்.

"இல்லை பெரியம்மா" என்றேன். பிறகுதான் அந்தப் பெருவிரல்.

வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர் கொடுத்தபோது மெல்லக் கேட்டேன்: "நான்தான் சாகுபடின்னு சொல்லச் சொன்னாங்கல்ல, ஏன் சொல்லலை?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அய்யாவ எதுக்க வெச்சுக்கிட்டு அப்படிப் பேச முடியுமா? நான் என்ன மானங்கெட்டவளா? யாரு பயிரு வைக்கிறான்னு ஊருக்கே தெரியும். ஆபீசருக்குத் தெரியாதா? ஒனக்குத் தெரியாதா?"

வேலிப்படல்

பத்து நாள் கழித்து தாசில்தார் ஆர்டர் சொன்னார். மனுதாரரே தாம் சாகுபடி செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பதாலும், ஊர் அமைதியைக் கருதியும், மனுவைத் தள்ளுவது... அங்கே அந்த இங்கிலீஷ் சொல் வந்தது. நான் அடிக்காமல் நிறுத்தினேன்.

"சார், அந்தம்மா சொன்னதுக்கு அர்த்தம் வேற சார்."

பத்து நாள் கழித்து வந்தது எனக்கு வீரம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"இந்தத் தாலுகாவுல எத்தனை வாக்குமூலம் வாங்கியிருக்கேன். எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. எனக்குப் புரியாதா?" அவர் குரல் உயரவேயில்லை. "ஆத்துல தண்ணி வரப்போகுது. நாத்து விடுற நேரம். பேரை ஏத்தினா அவரு அப்பீல் போவாரு, சங்கத்துக்காரங்க வயல்ல எறங்குவாங்க, அடிதடி ஆகும். யார் தலை உருளும்னு யாருக்குத் தெரியும்? இது இப்படியே அடங்கிட்டா நல்லது."

நான் மெஷினில் இருந்த தாளைப் பார்த்தேன்.

"அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழுதித்தான் ஆகணும். உன்னைப் பார்த்தேன். நீ சொல்லலை. சரி, இந்தப் பொண்ணுக்கும் அதுதான் தோதுன்னு விட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அடிம்மா. டிஸ்பாட்ச் போகணும்."

கெட்டவரென்று அவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் மிரட்டியிருந்தால், லஞ்சம் வாங்கியிருந்தால், இந்த அத்தியாயத்தில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். வண்டி மாட்டிக்கொண்டது, இரண்டு பேரும் சேர்ந்து படலைப் பிடுங்கினோம். மேஜையில் உட்கார்ந்து உசிதம் என்று அடித்தேன். பிழையில்லாமல், ஒரு எழுத்துக்கூட அழிக்காமல்.

நல்லதுன்னுதான் அர்த்தம்

நகல் அவள் கைக்கு வந்த அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் அடித்த தாளை என்னிடமே நீட்டினாள்.

"என்னா பாப்பா போட்டுருக்கு?"

அப்பா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். நான் தாளை வாங்கிக் கண்ணை ஓட்டுவது போல நடித்தேன். ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். பெரியம்மா, மனு தள்ளுபடி, நிலம் போச்சு, நீயே கூலின்னு சொன்னதா நான் எழுதினேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. கண் நின்ற இடத்தைப் படித்தேன்.

"உசிதம்னு போட்டுருக்கு பெரியம்மா."

"அப்படின்னா?"

"நல்லதுன்னுதான் அர்த்தம்."

ஆபீசரிடம் விளக்கம் கேட்ட அதே வாய். நல்லதும் இல்லைம்மா என்று அவர் சொன்னதைக் கேட்ட அதே காது. நாளைக்குப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்போதைக்கு அது தோது.

"எனக்குத் தெரியும்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பாவிடம், "அண்ணே, ஒன் பொண்ணு நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தது, செம்மண் நிறத்தில், சருகெல்லாம் தள்ளிக்கொண்டு. கோவிந்தம்மாள் விதைநெல்லை ஊறவைத்தாள். அவள் வீட்டு வாசலில் ஈரச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். ஊறின நெல்லின் அந்தப் புளித்த வாசனையை தினமும் கடந்துதான் பஸ்ஸுக்குப் போவேன்.

மூன்றாம் நாள் காலை. பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தால் அந்த நாலு மா தெரியும். இரவோடு இரவாக டிராக்டர் விட்டிருந்தார்கள். வரப்பில் பண்ணை ஆட்கள், ரோட்டோரம் போலீஸ் வேன். கோவிந்தம்மாள் தலையில் முளைகட்டின விதைக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஒரு போலீஸ்காரர் அவள் கொடுத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் மனுவைத் தள்ளிட்டாங்கன்னு போட்டிருக்கு. சாகுபடி பண்ணலைன்னு நீயே கைநாட்டு வெச்சிருக்கே. இதைக் கொண்டாந்து எங்கிட்டயே காட்டுறியே" என்று சிரித்தார்.

அவள் குரல் ரோடு வரைக்கும் கேட்டது.

"தப்பாப் படிக்கிறீங்க சார். எங்க தெருப் புள்ள அந்த ஆபீசுலதான் இருக்கு. அது அடிச்ச காயிதந்தான் இது. நல்லதுன்னு போட்டுருக்குன்னு அது படிச்சுச் சொல்லுச்சு. அது தப்பாப் படிக்காது." திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டினாள். "அந்தா நிக்குது பாருங்க! பாப்பா! இங்க வந்து படிச்சுச் சொல்லு பாப்பா!"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

அதன்பின் அப்பாவின் மனைக்கு ஒரு குறைவும் வரவில்லை. பின்னாளில் பட்டாவே கிடைத்தது. என் வேலை நிரந்தரமாயிற்று, சூப்பரிண்டெண்டாக ஓய்வு பெற்றேன். கோவிந்தம்மாள் அதே நாலு மாவில் கூலிக்கு நாற்று நட்டாள், இடுப்பு ஒடிகிற வரைக்கும். நான் அடித்த வாக்குமூலம் கடைசியில் உண்மையாகிவிட்டது. அவள் சாவுக்குப் போனேன். மாலை போட்டேன். எவ்வளவோ பேரைத் திட்டி எழுதியிருக்கிறேன், அந்த ஒரு காலையை மட்டும் எழுத இத்தனை வருஷம் ஆனது. எழுதிவிட்டால் மனசு லேசாகும் என்கிறார்கள். ஆகவில்லை.

டிராக்டர் விட்ட அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, வேறு வழி இல்லாததால், அவள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். கூடை வாசலில் இருந்தது. முளைவிட்ட நெல்லில் வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னி, மேலே காய்ந்துகொண்டிருந்தன. கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன, அவள் விரட்டவில்லை. தலை குனிந்து வேகமாக நடந்தேன்.

"காலையில பஸ்ஸுக்கு நேரமாயிருச்சில்ல பாப்பா?" என்றாள்.

"ஆமா பெரியம்மா" என்றேன்.